முட்டைக்கு முன்னே இரை

கடல் வண்ணமீன்களின் முட்டையை வீட்டுத் தொட்டியில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆளாக்குவது எப்படி என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

வண்ணமீன் என்றதும் பலருக்கு நினைவில் வருபவை கப்பி, மோலி, ஃபைட்டர். சென்னைக் கொளத்தூரில் பாலித்தீன் பைக்குள் ஏறி, ஊர் ஊராகப் பேருந்தில் பயணம் போகிற மீன்கள். எல்லாம் நன்னீர் மீன்கள். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு முதல் தாமரைக் குளத்தில் நீந்திக்கொண்டிருக்கும் மீன்களும் நன்னீர் மீன்கள்தாம். இவற்றில் கப்பியை வளர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். அது குட்டி போடும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கசக்கித் தண்ணீரில் விட்டால் பிறந்த அன்றே குட்டி தின்னும். தாய் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடல்மீன் அப்படியா? பெரும்பாலான கடல்மீன்கள் முட்டையை நீரோட்டத்தில் விட்டுவிட்டுத் தம் வழியே போய்விடுகின்றன. முட்டையிலிருந்து வருவது கண்ணாடி நூல் துண்டு போன்ற ஓர் உயிர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம். வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவு தீர்ந்ததும் அது வாய் திறக்கும். திறந்த அந்த வாயில் நுழையும் அளவுக்குச் சிறிய இரை, அதுவும் கண்ணெதிரே அசைகிற, உயிருள்ள இரை வேண்டும். மஞ்சள் கரு உதவாது. தவிட்டுத் தூள் உதவாது. ஒரு நாள் தவறினால் குஞ்சு வலுவிழக்கும். மறுநாள் இரை வந்தாலும் அதைப் பிடிக்கத் தெம்பு இருக்காது. ஆகவே கடல்மீன் குஞ்சு வளர்க்கப் புகுந்தவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இரை எங்கே?

நாம் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தப் பேச்சு பொருந்துமா? பொருந்தும். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது இந்த மாவட்டத்தின் கடற்கரை. எதிரே இருப்பது பாக் விரிகுடா. ஆழம் குறைந்த கடல். அடியில் சேறும் கடற்புல்லும். அந்தப் புல்லை மேயும் கடற்பசுவுக்காகவே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022-இல் தமிழ்நாடு அரசு காப்பகமாக அறிவித்தது. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1971-இல் கொச்சிக்குத் தலைமையகம் மாறும்வரை, அங்கிருந்துதான் இயங்கியது. இன்றும் அங்கே அதன் மண்டல மையம் இருக்கிறது. கோமாளி மீன், டாம்சல் மீன் வகைகள் பலவற்றைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, குஞ்சுகளைக் கரை சேர்த்த இடங்களுள் அது முக்கியமானது. வடக்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் பொரிப்பகம் நடத்தியிருக்கிறது. இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பதுதான் புதுக்கோட்டைக் கரை.

வீட்டில் தொடங்குகிறவருக்கு ஏற்ற மீன் எது? கோமாளி மீன். ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட மீன். 2003-இல் வந்த ‘நீமோ’ படத்துக்குப் பிறகு கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துத் தருகிறார்கள். நம் கடலில் கடற்சாமந்தியோடு (சீ அனிமோன்) வாழும் சீபே வகையும் இந்தக் குடும்பமே. ஏன் இந்த மீன்? ஒன்று, இது முட்டையை மிதக்க விடுவதில்லை. கல்லிலோ ஓட்டிலோ ஒட்டிவைத்துக் காவல் காக்கிறது. இரண்டு, குஞ்சு பொரியும்போதே மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கும். வாயும் ஓரளவு பெரியது. 1970-களில் அமெரிக்காவில் மார்ட்டின் மோ முதலானோர் தொட்டியில் வளர்த்துக் காட்டிய முதல் கடல் வண்ணமீன்களுள் இது ஒன்றாக அமைந்ததற்கும் இந்த இரண்டு குணங்களே காரணம்.

கோமாளி மீனில் ஜோடி சேர்ப்பது விந்தையான வேலை. கடையில் ஆண் பெண் பார்த்து வாங்க முடியாது. ஏனென்றால் இளமீன் இன்னும் இரண்டும் ஆகவில்லை. ஒரு கூட்டத்தில் எது எல்லாவற்றிலும் பெரிதோ அது பெண்ணாகும். அடுத்தது ஆண். மற்றவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும். காத்திருந்ததில் ஒன்று ஆணாகும். ஆகவே, அளவில் வேறுபட்ட இரண்டு இளமீன்களை ஒரே தொட்டியில் விட்டால் போதும். பெரியது துரத்தும், சிறியது உடலை ஒருக்களித்து நடுங்கிக் காட்டும். அது பணிவு. நடுங்காமல் எதிர்த்து நின்றால் சண்டை. உடனே பிரித்துவிட வேண்டும். ஜோடி கூடச் சில மாதங்கள் ஆகும். முட்டை வர இன்னும் சில மாதங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற பொழுதுபோக்கு இல்லை.

கடற்சாமந்தி இல்லாமல் முட்டை இடுமா? இடும். ஒரு மண் பூந்தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாலே அதைத் தன் வீடாக எடுத்துக்கொள்ளும். உடைந்த கூரை ஓடும் போதும். சுண்ணாம்போ சாயமோ படாத ஓடாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இனித் தண்ணீர். ஆயிரம் பங்கில் 30 முதல் 35 பங்கு உப்பு. காரத்தன்மை (pH) 8-க்குச் சற்று மேல். வெப்பம் 26 முதல் 29 டிகிரி. கடைகளில் விற்கும் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தும் செய்யலாம், கடலிலிருந்தும் கொண்டுவரலாம். கடலிலிருந்து என்றால் எந்த மாதம் என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது தெற்கு வெள்ளாறு செந்நீரைக் கொண்டுவந்து கொட்டும். கரையோரக் கடல் கலங்கும், உப்பும் குறையும். மழை ஓய்ந்து கடல் தெளிந்த பிறகு, படகில் சற்று உள்ளே போய் எடுத்த நீர் நல்ல நீர். கொண்டுவந்ததைத் துணியில் வடிகட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொன்று, காற்றடித்து, மிச்சக் குளோரினை ஹைப்போவால் (சோடியம் தயோசல்ஃபேட்) முறிக்க வேண்டும். கரையோர இறால் பண்ணைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானதுதான்.

தொட்டியில் நீர் ஊற்றிய மறுநாளே மீனை விடலாமா? கூடாது. மீனின் கழிவில் வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். இன்னொன்று: புதுக்கோட்டை வெயிலில் தொட்டி நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீரையே ஊற்றிக்கொண்டு வந்தால், ஒரே மாதத்தில் தொட்டி உப்பளமாகிவிடும். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நீர் இறங்கினால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றி நிரப்புதல். இந்தக் கோடு காப்பாற்றிய மீன்கள் ஏராளம். சித்திரை வைகாசியில் நீரின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் வீடுகளில், மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறி ஒன்றைத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது நீர் கோட்டுக்குக் கீழே இன்னும் வேகமாக இறங்கும்.

இப்போது மீண்டும் அந்தக் கேள்வி. இரை எங்கே?

இரைக்கும் இரை வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது விடை. கோமாளி மீன் குஞ்சின் முதல் உணவு ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கு. அதன் தலையில் மயிரிழைகள் சக்கரம் சுழல்வது போலத் துடிக்கும். அந்தத் துடிப்பில் நீரை இழுத்து, அதிலுள்ள பாசியைத் தின்னும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரைதான் அதன் உடல். அது தின்னும் பாசியோ இன்னும் நூறு மடங்கு சிறியது. நானோகுளோராப்சிஸ் என்பது அதன் பெயர். பொரிப்பகங்களில் அதைப் ‘பச்சைத் தண்ணீர்’ என்றே சொல்வார்கள். ஆகப் பாசி, பாசியைத் தின்னும் ரோட்டிஃபர், ரோட்டிஃபரைத் தின்னும் குஞ்சு. மூன்று படி. கீழ்ப்படி வழுக்கினால் மேலே இருப்பது விழும்.

பச்சைத் தண்ணீர் வளர்க்க ஆடம்பரம் எதுவும் வேண்டாம். ஒளி புகும் பாட்டில்கள் நான்கைந்து, ஒரு டியூப் லைட், ஏர் பம்ப், கிருமி நீக்கிய உப்புநீர், பாசிக்கான உரம், பொரிப்பகத்திலிருந்தோ மீன்வளக் கல்லூரியிலிருந்தோ வாங்கிய ஒரு குவளை விதைப்பாசி. ஒரு வாரத்தில் வெளிர்பச்சை கரும்பச்சையாகும். பாதியை எடுத்துக்கொண்டு, எடுத்த அளவுக்குப் புதிய உப்புநீரும் உரமும் சேர்த்தால் மறுபடி கறுக்கும். தயிருக்கு உறை எடுத்துவைப்பது போல ஒரு சிறு பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் எப்போதும் வைத்திருப்பது நல்லது. பாசி எந்த இரவில் வெளுத்து அடியில் படியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ரோட்டிஃபருக்கு வேறொரு வாளி. இதன் பெண்கள் ஆணின் துணையின்றியே பெருகும். நல்ல தீனி இருந்தால் ஓரிரு நாளில் எண்ணிக்கை இரட்டிக்கும். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கரைத்து ஊற்றினாலும் பெருகும்தான். ஆனால் அந்த ரோட்டிஃபர் வெறும் சக்கை. குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்கள் பாசியிலிருந்து வருபவை. தவிர, ஈஸ்ட் நீரையும் நாற அடிக்கும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். எங்கே? கைகளில். ரோட்டிஃபர் வாளியில் விட்ட குவளையைக் கழுவாமல் பாசிப் பாட்டிலில் விடுகிறார்கள். அந்தக் குவளையில் ஒட்டியிருந்த ஐந்தாறு ரோட்டிஃபர் போதும். சில நாளில் கரும்பச்சைப் பாட்டில் கஞ்சித் தண்ணீர் ஆகிவிடும். காலையில் முதலில் பாசியைத் தொட வேண்டும், பிறகே ரோட்டிஃபர். குவளை வேறு, குழாய் வேறு, முடிந்தால் அறையே வேறு.

ரோட்டிஃபர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரு கண்ணாடி டம்ளரில் வாளி நீரைக் கொஞ்சம் எடுத்து, பின்புறம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தூசு தெரியும். தூசு சும்மா மிதந்தால் தூசுதான். ஒவ்வொரு துகளும் தன் போக்கில் சுற்றித் திரிந்தால் அது ரோட்டிஃபர். எண்ணிப் பார்க்க, ஊசியில்லா சிரிஞ்சில் ஒரு மில்லிலிட்டர் எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டால் எல்லாம் அசையாமல் நிற்கும். லென்ஸ் வைத்து எண்ணலாம். குஞ்சுத் தொட்டியில் மில்லிலிட்டருக்கு ஐந்து முதல் பத்து ரோட்டிஃபர் எந்நேரமும் இருக்க வேண்டும். ஜோடி முட்டையிட்ட பிறகு இந்த வேலைகளைத் தொடங்கினால் கணக்கு இடிக்கும். முட்டை பொரிய ஒரு வாரம். பாசி கறுக்க ஒரு வாரம். அதன்பின் ரோட்டிஃபர் பெருக இன்னொரு வாரம்.

முட்டையிடும் நாள் நெருங்குவதை ஆண் மீன் காட்டிக்கொடுக்கும். பூந்தொட்டியின் ஓர் இடத்தை வாயால் கடித்துக் கடித்துத் துடைக்கும். பெண்ணின் வயிறு உப்பியிருக்கும். பெரும்பாலும் பகலில்தான் முட்டை விழும். பெண் ஓட்டை உரசியபடி ஒவ்வொன்றாக ஒட்டிச் செல்ல, ஆண் பின்னாலேயே போய்க் கருவூட்டும். சில நூறு முதல் ஆயிரம் வரை முட்டைகள். முதல் நாள் ஆரஞ்சு நிறம். இரண்டு மூன்று நாளில் பழுப்பு. பிறகு ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு கரும்புள்ளிகள்: கண்கள். இந்த நாட்களெல்லாம் ஆண்தான் செவிலி. துடுப்பால் விசிறும், பூஞ்சை பிடித்த முட்டையைப் பொறுக்கித் தின்னும். முதல் ஈட்டை ஜோடி தானே தின்றுவிடுவதும் உண்டு. கவலை வேண்டாம், பழகிக்கொள்ளும்.

ஆறாம் நாள் முதல் எட்டாம் நாளுக்குள் கண்கள் வெள்ளியாக மின்னும். அன்றிரவே பொரிப்பு.

அந்த மாலையில் செய்ய வேண்டியது இது. குஞ்சுத் தொட்டி முன்பே தயார்; தாய்த் தொட்டியின் நீரையே 20, 30 லிட்டர் எடுத்து நிரப்பியது. நான்கு பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டியது. ஏனென்றால் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் குஞ்சுகள் அதை நோக்கிப் பாய்ந்து கண்ணாடியில் முட்டிச் சாகும். இருட்டும் முன் முட்டை ஒட்டிய ஓட்டை, நீரை விட்டு வெளியே தெரியாதபடி ஒரு பாத்திரத்தில் முக்கியெடுத்து, புதிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். அப்பன் மீன் அங்கே இல்லை, விசிறுவது யார்? ஏர் ஸ்டோன். ஓட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து, முட்டைகள் இலேசாக ஆடும் அளவுக்குக் காற்றைத் திறக்க வேண்டும். பிறகு விளக்கை அணைத்துவிட வேண்டும். அறை விளக்கு, கைப்பேசி வெளிச்சம் எல்லாவற்றையும்.

இருளில் ஒரு மணி, இரண்டு மணி நேரம். அதன்பின் டார்ச்சை நீரின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தால், அந்த ஒளிவட்டத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து சேரும். வால் வளைந்த காற்புள்ளி போன்ற உடல். முன்னால் இரண்டு பெரிய கண்கள். நடுவில் ஒன்றுமே இல்லாதது போன்ற ஒளிபுகும் மேனி. சில நிமிடத்தில் பத்து, ஐம்பது, நூறு. வலை இட்டு அள்ளக்கூடாது. காற்றுப் பட்டாலே போதும், சாகும். இடம் மாற்ற வேண்டியிருந்தால் குவளையால் நீரோடு சேர்த்து முகக்க வேண்டும்.

விடியும்போது? விடியும்போது இரை.

காலையில் முதல் வேலையாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, தொட்டி நீரை இளம்பச்சையாக்க வேண்டும். அது ரோட்டிஃபருக்குத் தீனி. கூசும் ஒளிக்குத் திரை. பிறகு ரோட்டிஃபரைத் துணியில் வடித்துக் கழுவி விட வேண்டும். குஞ்சு உடலை ‘எஸ்’ போல வளைத்து, நின்று, சட்டென்று பாயும். பாய்ச்சல் தெரிந்தால் அது தின்கிறது. வயிறு வெள்ளையாக நிறையும். முதல் மூன்று நான்கு நாள் நீரை அதிகம் மாற்றக்கூடாது. அடியில் விழும் செத்த குஞ்சுகளை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்த நாட்களில் மின்சாரம் நின்றால் காற்றும் நிற்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையருகே இருக்கட்டும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஒரு பெரும் சாவு வரும். பசியில் போனவை அவை.

ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாளுக்குள் ஆர்ட்டீமியா. இது உப்பளத்தில் வாழும் ஓர் உயிர். தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. டப்பாவில் விற்பது அதன் உலர்ந்த முட்டை. அதில் ஒரு பெரும் பங்கு அமெரிக்காவின் பெரிய உப்பேரியிலிருந்து வருவது. உப்புநீரில் போட்டு, வெளிச்சமும் பலமான காற்றும் கொடுத்தால் ஒரு நாளில் பொரியும். குஞ்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே சேரும். கீழிருந்து எடுக்க வேண்டும். ஓடு கலந்துபோனால் மீன் குஞ்சின் குடலை அடைக்கும். ரோட்டிஃபரை ஒரே நாளில் நிறுத்திவிடாமல் இரண்டையும் சில நாள் சேர்த்துக் கொடுப்பதே சரி. எல்லாக் குஞ்சும் ஒரே அளவில் வளர்வதில்லை.

ஒன்பதாம் நாள் வாக்கில் இரண்டாவது சாவு. காரணம், குஞ்சு மீனாக மாறுகிறது. கண்ணாடி மேனியில் ஆரஞ்சு ஏறும்; தலையில் முதல் வெள்ளைப் பட்டை விழும். மிதந்து திரிந்தது கீழே இறங்கி, மூலையில் உடலை ஆட்டிக்கொண்டு நிற்கும். பதினைந்து நாளுக்குள் இது முடிந்துவிடும். அதன்பின் அரைத்த இறால், தூளாக்கிய தீவனம் எல்லாம் தின்னும்.

மற்ற மீன்களை இரண்டு வரியில் சொல்லலாம். இந்தோனேசியாவின் பங்காய் கார்டினல் மீன் இன்னும் எளிது. ஆண் தன் வாய்க்குள்ளேயே முட்டையைச் சுமந்து, ஆர்ட்டீமியாவை நேராகத் தின்னும் அளவுக்குப் பெரிய குஞ்சைத் துப்புகிறது. டாம்சல் மீன் கடினம், வாய் சிறிது, ரோட்டிஃபரே பெரிதாகிவிடும், கோபிபாட் என்னும் நுண்விலங்கின் குஞ்சு வேண்டும். நீல டாங் மீனைத் தொட்டியில் முட்டையிட வைத்து வளர்த்தெடுக்க ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 2016 வரை ஆயிற்று. எல்லாம் வாயின் அளவைப் பொறுத்தது.

கடற்குதிரையைப் பற்றியும் கேட்பார்கள். பாக் விரிகுடாவில் வலைகளில் சிக்குவதுதானே. ஆண் சுமந்து பெறும் அந்தக் குஞ்சு வளர்க்க ஆசையைத் தூண்டும். ஆனால் 2001 முதல் கடற்குதிரை, கடலட்டை, பவளம் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். தொட்டிக்கு அழகு என்று உயிர்ப் பவளத் துண்டைக் கொண்டுவருவதும் அப்படியே. பொரிப்பகத்தில் பிறந்த மீனும், சுட்ட மண் ஓடும் போதும்.

மூன்று நான்கு மாதத்தில் குஞ்சு மூன்று சென்டிமீட்டர் வரும். பையில் ஆக்ஸிஜன் அடைத்துக் கைமாற்றலாம். அதுவரை காத்திருக்குமா தாய் ஜோடி? காத்திருக்காது. தீனியும் நீரும் சரியாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே ஓட்டில் அடுத்த ஈடு விழும். முதல் ஈட்டின் குஞ்சுகளுக்குப் பட்டை விழும் நாளில் அடுத்த முட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருக்கும். அவற்றின் கண் வெள்ளியாகும் முன் இரண்டாவது குஞ்சுத் தொட்டியில் நீர் நிரம்பியிருக்க வேண்டும்; பாசிப் பாட்டில்களில் பாதியாவது கரும்பச்சையாக நிற்க வேண்டும்.